ஆறா, எட்டா, பத்தா? கரை அணிக்கு இந்த சீசனில் வேண்டிய நடுக்கள ஆள்

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் நீரோடியிலிருந்து தூத்தூர் வரை எந்தக் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் நின்றாலும் சீசனுக்கு முன் காதில் விழும் பேச்சு ஒன்றுதான். வெளியிலிருந்து ஒரேயொரு நடுக்கள ஆளை எடுக்கப் பணம் இருக்கிறது, யாரை எடுப்பது? சொல்லப்படும் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். ஆள் வகை மூன்றுதான். பேக்குகளுக்கு (தடுப்பு வரிசைக்கு) முன்னால் நின்று பந்தைப் பறிக்கும் ஆறாம் நம்பர், இரண்டு பெனால்டி பெட்டிக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும் எட்டாம் நம்பர், ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று வாய்ப்பு உண்டாக்கும் பத்தாம் நம்பர். கூட்டம் பத்தைக் கேட்கிறது. இந்தக் கரையின் பெரும்பாலான அணிகளுக்கு வேண்டியது ஆறு.

"மக்கா, கோல் போடுற ஆளு வேணும். தடுக்குறதுக்கு நம்மகிட்ட ஆளு இருக்குல்லா?"

"இருக்கு அண்ணே. ஆனா அவன் பெட்டிக்குள்ள நிக்கான். பெட்டிக்கு வெளிய யாரு நிக்கா?"

விவாதத்தின் முடிச்சு இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. மணலில் பந்துகளி பழகிய கால்களுக்குப் பந்தைக் காலோடு ஒட்டி வைத்திருப்பதும், ஓரத்தில் ஒருவனை வெட்டிப் போவதும் இயல்பாக வரும். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே என்று தொழில்முறை கிளப்புகளுக்கு ஏறிப் போனது அப்படிப்பட்ட இடது காலால். எல்லைக்கு அந்தப்பக்கம் பொழியூரும் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைக்கு வரிசையாக ஆள் கொடுத்த ஊர். விங்குக்கும் முன்வரிசைக்கும் இங்கே பஞ்சம் இல்லை. கோல் வாங்கும் விதத்தைப் பார்த்தால் குறை தெரியும். ஸ்டாப்பர் (நடுவில் நிற்கும் பேக்) தலையால் வெளியே தட்டிய பந்து பெட்டிக்கு வெளியே 20 மீட்டரில் விழுகிறது, அங்கே நம் ஆள் யாரும் இல்லை, எதிரணிக்காரர் ஓடி வந்து ஒரே அடி. அல்லது நம் கார்னர் கிக் திரும்பி வந்து, இரண்டே பாஸில் நம் கோல் முகம்.

இதற்குச் செவன்ஸ் பழக்கமும் ஒரு காரணம். சின்ன மைதானத்தில் ஏழு பேர் களிக்கும்போது நடுக்களம் என்று தனியாக ஒன்று கிடையாது. பின்னாலிருந்து முன்னால் பந்து இரண்டு தொடுதலில் போய்விடும், பறிகொடுத்தாலும் நாலு எட்டு ஓடினால் திரும்பிவிடலாம். பதினொருவர் ஆட்டத்தில் 105க்கு 68 மீட்டர் என்றால் 7,140 சதுர மீட்டர். இரு அணியின் 22 பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு ஏறத்தாழ 325. அந்தப் பரப்பில் இரண்டு சென்டர் மிட்டும் ஒரே நேரத்தில் முன்னேறினால், அவர்களுக்கும் பேக்குகளுக்கும் நடுவே 10, 15 மீட்டராக இருக்க வேண்டிய இடைவெளி 30 ஆகிவிடும். அதை ஓடி மூட யாராலும் முடியாது. முன்கூட்டியே அங்கே ஒருவர் நின்றிருக்க வேண்டும்.

பத்தாம் நம்பர்

முதலில் கூட்டத்தின் விருப்பத்தைப் பார்ப்போம். பத்தைக் கேட்பவர்களின் வாதம் வெறும் ஆசை இல்லை. நாக் அவுட் டோர்னமென்டில் சமநிலை என்றால் பெரும்பாலும் நேரே பெனால்டி. ஃப்ரீ கிக்கும் கார்னரும் நன்றாகப் போடும் ஒருவர் இருந்தால், நாள் முழுக்க மோசமாக ஆடிய அணியும் அரையிறுதிக்குப் போய்விடும். எதிரணி பத்துப் பேரையும் பெட்டிக்கு முன்னால் இறக்கி நிறுத்தினால், அந்தச் சுவரில் ஓட்டை போடுவதும் இவரால்தான் ஆகும்.

ஆபத்து என்ன என்பதை இந்தியன் சூப்பர் லீக் அணியான கேரளா பிளாஸ்டர்ஸின் 2023–24 சீசன் காட்டியது. டிசம்பர் கடைசியில் மோகன் பகானை வென்று புள்ளிப் பட்டியலின் உச்சியில் இருந்த அணி அது. ஆனால் அதே மாதத்தில் அவர்களுக்கு வாய்ப்பு உண்டாக்கும் அட்ரியான் லூனா முழங்கால் காயத்தால் விலகியிருந்தார். சீசன் நடுவில் வந்த இடைவேளைக்குப் பின் தோல்வி மேல் தோல்வி. ஐந்தாம் இடத்தில் முடித்து, பிளே ஆஃபில் கூடுதல் நேரத்தில் ஒடிஷாவிடம் 2–1 என்று தோற்றார்கள். வேறு சிலரும் காயத்தில் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் பந்து முன்னேறும் வழி முழுதும் ஒருவர் கால் வழியாகவே போனதால், அவர் போனதும் வழி அடைந்துபோனது. 13 கோல் அடித்து அந்த சீசனின் தங்கக் காலணியை வாங்கிய தியமன்டகோஸ் முன்னால் இருந்தும் அதைச் சரிக்கட்ட முடியவில்லை.

உள்ளூர் அளவில் இது வேறு மாதிரி நடக்கும். எதிரணி ஒரு ஸ்டாப்பரைக் கழற்றி நம் பத்தின் மேல் ஒட்டவிடும். பந்து வராத பத்து பொறுமை இழந்து பின்னால் இறங்கி, ஸ்டாப்பர் காலிலிருந்தே பந்தை வாங்க ஆரம்பிப்பார். அந்த நிமிடம் முதல் ஸ்ட்ரைக்கர் தனியாள். ட்ரையலில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. அவர் பந்து வாங்கும் முதல் 10 இடங்களைக் குறித்து வையுங்கள். அதில் ஆறு இடத்துக்கு மேல் சொந்தப் பாதியில் இருந்தால், பத்து என்ற பெயரில் நீங்கள் வாங்குவது வேறு ஆளை.

அணியில் ஏற்கெனவே பின்னால் நிற்கத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் பத்தை எடுக்கலாம். பிளாஸ்டர்ஸ் 2021–22ல் இறுதி வரை போனது அந்த வரிசையில்தான். 4–4–2ல் ஜீக்சன் சிங்கும் புயித்தியாவும் நடுவில் நின்றார்கள். அந்த நம்பிக்கையில் இடப்பக்கம் லூனாவும் வலப்பக்கம் சஹல் அப்துல் சமதும் உள்ளே வெட்டி வந்தார்கள். அந்த சீசனில் சஹலுக்கு ஆறு கோல். காயத்தால் அவர் இறுதி ஆட்டத்தில் இல்லை. ஐதராபாத்திடம் 1–1, பிறகு பெனால்டியில் தோல்வி. கோப்பை கைக்கு வரவில்லை என்றாலும், கண்ணுக்கு அழகாக ஆடிய அந்த அணியின் அஸ்திவாரம் பேர் அதிகம் பேசப்படாத அந்த இருவர்தான்.

எட்டாம் நம்பர்

எட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தொழில்முறை ஆட்டத்தில் 90 நிமிடத்துக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடும் ஆள் இவர். ட்ரையலில் மூவரில் எடுப்பாகத் தெரிபவரும் இவரே, எங்கே பார்த்தாலும் இருப்பார். ஆனால் எல்லா இடத்திலும் இருக்கும் ஆள், இருக்க வேண்டிய ஒரு இடத்தில் இல்லாமல் போவார். மழை பெய்து ஊறிய செம்மண்ணிலும் மணல் கலந்த தரையிலும் கால் சீக்கிரம் கனக்கும். 60ஆவது நிமிடத்துக்கு மேல் முன்னே போவது நிற்காது, திரும்பி வருவதுதான் நிற்கும்.

இவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடந்த 14 நாளில் எத்தனை ஆட்டம்? செவன்ஸ் சீசனில் மலப்புறத்திலும் பாலக்காட்டிலும் அடுத்தடுத்த இரவுகளில் களித்துவிட்டு வரும் ஆள் ஹாம்ஸ்ட்ரிங்கில் (பின்தொடைத் தசையில்) வலியோடு வருவார், சொல்லமாட்டார். ஒப்பந்தத்தில் இருக்கும் பதிவுபெற்ற வீரர் செவன்ஸ் களித்தால் கிளப்போடு சிக்கல் வரும் என்பதாலும் மறைப்பார்.

ஆறாம் நம்பர்

ஆறு என்றால் அடிக்காரன் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். இந்தக் கரையில் அர்ஜென்டினாக் கொடி பறக்காத தெரு குறைவு, ஆகவே அந்த உதாரணமே போதும். 2022 உலகக் கோப்பையில் சவுதியிடம் 2–1 தோற்ற அன்று நடுவில் நின்றவர் பரேடஸ். அடுத்து மெக்சிகோவுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கிய என்சோ பெர்னாண்டஸ் 87ஆவது நிமிடத்தில் கோலும் போட்டார். போலந்து ஆட்டத்திலிருந்து அந்த இடம் அவருடையது, தொடரின் சிறந்த இளம் வீரர் விருதும் அவருக்கே. அவர் அங்கே மோதி விழுத்திய ஆட்களைவிட, எதிரணியின் பாஸ் வரும் வழியில் முன்பே போய் நின்று வெட்டிய பந்துகளும், உடனே முன்னோக்கி அனுப்பிய பந்துகளும்தான் அணியை மாற்றின.

நம் கரைக்கு ஆறு பொருந்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு, பேச்சில் அது வருவதே இல்லை. இங்கே பாதி அணி கடலில் இருக்கிறது. ஆழ்கடல் படகில் ஏறினால் திரும்ப ஒரு மாதம், சிலசமயம் அதற்கு மேலும். ஆட்டத்துக்கு முந்தின நாள் கரை ஏறிய ஆள் மறுநாள் ஜெர்சி போடுகிறார். கூட்டுப் பயிற்சியே இல்லாத அணியில் பத்தும் எட்டும் தவிப்பார்கள். எந்த ஓட்டத்துக்கு எந்தப் பந்து என்பது சேர்ந்து பழகினால்தான் வரும். ஆறின் வேலைக்கு அவ்வளவு பழக்கம் வேண்டாம். வலது பேக் மேலே போனால் வலப்பக்கம் மூடு, ஸ்டாப்பர் தலையால் தட்டினால் முன்னால் விழும் பந்துக்குப் போ, பறித்தால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடு. பக்கத்தில் யார் நின்றாலும் இதைச் செய்யலாம்.

ஆளைத் தேர்வது எப்படி? இரண்டு ஆட்டம் பாருங்கள், இரண்டாவது கண்டிப்பாக அவர் அணி பலமான அணியோடு மோதுவதாக இருக்கட்டும். பக்கவாட்டில் உட்காராமல் கோல் போஸ்டுக்குப் பின்னால், முடிந்தால் உயரத்தில் இருந்து பாருங்கள், இடைவெளி அங்கிருந்துதான் தெரியும். பந்தைப் பார்க்காமல் அவரையே பார்த்து மூன்று கணக்கு எழுதுங்கள். பந்து தன்னிடம் வருமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாரா? பத்தில் ஏழு முறையாவது பார்க்க வேண்டும். பார்க்காதவர் பந்தை வாங்கி முதுகைக் காட்டியபடி திரும்பக் கொடுப்பார், அழுத்தம் வந்தால் அந்த இடத்திலேயே பறிகொடுப்பார், அது நேராக கோல். இரண்டாவது, தன் அணி கார்னர் எடுக்கும்போது அவர் எங்கே நிற்கிறார்? பெட்டிக்குள் தலை கொடுக்க ஓடுபவர் உங்களுக்கு உதவமாட்டார். மூன்றாவது, ஃபவுல் எங்கே செய்கிறார்? நடுக்கோட்டருகே எதிரணியின் ஓட்டத்தை நிறுத்தச் செய்தால் அனுபவம். சொந்தப் பெட்டிக்கு 5 மீட்டர் முன்னால் காலை நீட்டினால் தாமதம். முதல் 20 நிமிடத்தில் மஞ்சள் அட்டை வாங்கும் ஆறு மீதி நேரம் முழுதும் பயந்து நிற்பார்.

பாஸையும் எண்ணுங்கள். பின்னாலும் பக்கத்திலும் மட்டுமே கொடுத்து 90 சதவீதம் சரியாகக் கொடுத்தார் என்பதில் பயனில்லை. பறித்த பிறகு வரும் முதல் பாஸ் முன்னோக்கிப் போகிறதா என்பதே கணக்கு. நம் விங்கர்கள் ஓடக் காத்திருப்பது அதற்குத்தான்.

மூவரில் யாரை எடுத்தாலும் முழங்காலைப் பாருங்கள். சூசைராஜ் 2020 நவம்பரில், சீசனின் முதல் ஆட்டத்தில், கால் மணி நேரத்துக்குள் முழங்கால் காயத்தோடு வெளியேறியதை இந்தக் கரையில் மறந்தவர் இல்லை. ஏசிஎல் (முழங்கால் தசைநார்) அறுவை செய்தவர் என்றால் 9 மாதம் முடியுமுன் இறக்கக் கூடாது, மறுபடி கிழியும் வாய்ப்பு மிக அதிகம். ஒற்றைக் காலில் தாவும் சோதனைக்கு ஒரு டேப் போதும். இரண்டு காலிலும் மூன்று தாவல், நல்லதை எடுத்து ஒப்பிடுங்கள். காயம்பட்ட கால் மற்றதன் 90 சதவீதத்தைத் தொடவில்லை என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். மாவட்ட லீக்கில் இறக்க நினைத்தால், கூட்டமைப்பின் இணையப் பதிவில் அவர் பெயர் பழைய கிளப்பில் இருக்கிறதா என்பதையும், விடுப்புக் கடிதம் கிடைக்குமா என்பதையும் கைகுலுக்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

சீசன் எப்படிப் போகும்?

லீக் என்றால் ஆறோடு போகும் அணிக்கு முதல் மூன்று ஆட்டம் சலிப்பாக இருக்கும். 1–0, 0–0 என்று வரும், கரையில் முணுமுணுப்பு எழும். அந்த நேரத்தில் அவரை மாற்றக் கூடாது. ஐந்தாவது, ஆறாவது ஆட்டத்தில் இரண்டு பக்க பேக்குகளும் பயமில்லாமல் மேலே போக ஆரம்பிப்பார்கள், கோல் அப்போது வரும். நாக் அவுட் மட்டும், அதுவும் கிறிஸ்துமஸ் சமயத்து நாலு ஆட்டப் போட்டி என்றால் பத்துக்காரர்களின் கட்சிக்குப் பலம் கூடுகிறது, அங்கே பெனால்டியும் ஃப்ரீ கிக்கும் பேசும். எட்டை எடுத்த அணி காலிறுதி வரை எல்லோரையும் மயக்கும். ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே இரண்டு நாள் ஓய்வு இல்லாவிட்டால் அரையிறுதியில் இளைக்கும்.

நல்ல ஆறு கிடைக்கவில்லை, வேறு கிளப் முந்திக்கொண்டது என்றால், அந்தப் பணத்தில் சுமாரான ஆறு ஒருவரை எடுக்க வேண்டாம். கைவசமுள்ள இரண்டு ஸ்டாப்பரில் பந்தை அமைதியாக வாங்கத் தெரிந்தவரை 15 மீட்டர் முன்னால் ஏற்றுங்கள். பணத்தை ஒரு ஸ்டாப்பருக்குக் கொடுங்கள். நல்ல ஸ்டாப்பர் கிடைப்பது நல்ல ஆறு கிடைப்பதைவிட எளிது, விலையும் குறைவு. ஏற்றிய ஆளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: கார்னருக்கு முன்னே போகாதே, நடுக்கோட்டிலேயே நில்.