சாம்சங் ஃப்ரீஸ்டைல்: கார் போர்ச்சில் படம் போடத் தேறுமா?

பெட்டியில் 100 அங்குலம் என்று போட்டிருப்பதை முதலில் மறந்துவிடுங்கள். சாம்சங் ஃப்ரீஸ்டைல் என்ற இந்தச் சின்ன புரொஜெக்டர் 100 அங்குலப் படம் காட்டும், பொய்யில்லை. ஆனால் தாமான் வீட்டு கார் போர்ச்சில் அந்த அளவுக்குப் பெரிதாக்கினால், இரவுக் காட்சிகளில் யார் யாரை அடிக்கிறார் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காரணம் எளிது. இதன் வெளிச்சம் 230 ஆன்சி லூமென். 100 அங்குலப் படம் என்பது 221 செ.மீ. அகலம், 124 செ.மீ. உயரம், ஏறக்குறைய 2.75 சதுர மீட்டர். அத்தனை பரப்பிலும் இந்த ஒளியைப் பரப்பினால் சுவரில் விழுவது சுமார் 84 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவு). அதையே 70 அங்குலமாகச் சுருக்கினால் 170 லக்ஸ், அதாவது இரட்டிப்பு. 100 அங்குலத்துக்குக் கருவி சுவரிலிருந்து 2.7 மீட்டரில் இருக்க வேண்டும், 70 அங்குலத்துக்கு 1.9 மீட்டர் போதும். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பார்க்க 70 அங்குலம் தாராளம். 80க்கு மேல் போகாதீர்கள்.

கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில். எட்டு மணிக்கு முன்னால் ஆரம்பித்தால் முதல் பாட்டு வெளிறிப் போகும். பக்கத்து வீட்டு போர்ச் குழல்விளக்கு, எதிரே தெருவிளக்கு, வாசலில் சாமி மேடையின் சின்ன விளக்கு, எல்லாம் படத்தின் கறுப்பைச் சாம்பலாக்கும். தெருவிளக்குக்கு முதுகு காட்டும் சுவரைத் தேர்ந்தெடுங்கள். சாமி விளக்கை அணைக்கச் சொல்லி அம்மாயிடம் கேட்பதைவிட, அந்தச் சுவரை விட்டுவிடுவது உத்தமம்.

தாமான் வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் பால்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு. முகங்களிலும் அந்த நிறச் சாயல் ஏறலாம். திரை வாங்க மனமில்லையென்றால் எட்டு முழ வெள்ளை வேட்டி நல்ல மாற்று. அகலம் சுமார் 50 அங்குலம் இருப்பதால், கரையைத் தவிர்த்துவிட்டு 80 அங்குலப் படம் அழகாக அடங்கும். ஒற்றை வேட்டியில் ஒளி ஊடுருவிப் பின்னால் போய்விடும், ஆகவே இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டுங்கள். தொய்வு இருந்தால் கதாநாயகிக்கு அலையலையாக முகம்.

கருவியைப் பற்றி: எடை 830 கிராம், உருளை வடிவம், தாங்கியில் 180 டிகிரி சாய்க்கலாம். கோணத்தையும் குவியத்தையும் தானே சரிசெய்துகொள்கிறது. புரொஜெக்டர் பிடிக்கத் தெரியாத வீட்டில் இதுதான் இதன் பெரிய பலம். ஆனால் கோணல் திருத்தம் என்பது படத்தைச் சுருக்கி வெட்டிக் காட்டும் வேலை. சாய்வு அதிகமானால் கூர்மையும் வெளிச்சமும் குறையும். முக்காலியில் வைத்து முடிந்தவரை நேராக நிறுத்துங்கள். இன்னொன்று, அசைந்தால் மறுபடி திருத்தத் தொடங்கும். சின்னப் பிள்ளை முக்காலியை இடித்தால் உச்சக்காட்சியில் படம் நெளியும். ஒருமுறை சரியாக வந்ததும் அமைப்பில் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள்.

மின்சாரம்தான் பலர் ஏமாறும் இடம். உள்ளே பேட்டரி கிடையாது. யூஎஸ்பி-சி வழியாக, 50 வாட்டுக்குக் குறையாமல் 20 வோல்ட்டில் தரும் பவர் பேங்க் வேண்டும். கைப்பேசிக்கு வாங்கிய 20 வாட் பவர் பேங்கில் இது எழுந்திருக்கவே மாட்டாது. சரியான வாட் உள்ள 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் 74 வாட்-மணி இருக்கும், விரயம் போக ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணிவரை ஓடும். தமிழ்ப் படத்துக்கு அது இடைவேளை வரைதான். போர்ச்சில் பிளக் இருக்கும்போது எக்ஸ்டென்ஷன் இழுத்துவிடுங்கள், வயரைச் சுவரோரமாக ஒட்டிவையுங்கள்.

இணைப்பில் ஒரே ஒரு மைக்ரோ எச்டிஎம்ஐ வாய். மினி எச்டிஎம்ஐ வேறு, மைக்ரோ வேறு. லோயாட் பிளாசாவில் வயர் வாங்கும்போது பெயரைச் சொன்னால் போதாது, முனையைப் பார்த்து வாங்குங்கள். அஸ்ட்ரோ டிகோடரையோ எச்டிஎம்ஐ உள்ள டிவிடி பிளேயரையோ மாட்டுவதென்றால் இந்த வயர் இல்லாமல் முடியாது. பென்டிரைவ் செருக வாய் இல்லை, அந்த யூஎஸ்பி-சி மின்சாரத்துக்கு மட்டும். டிரைவில் படம் வைத்திருக்கும் மாமாக்கள் மடிக்கணினியையும் கொண்டுவர வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் எல்லாம் கருவிக்குள்ளேயே ஓடும். மலிவு புரொஜெக்டர்களோடு ஒப்பிட்டால் இதற்குக் கூடக் கொடுக்கும் வெள்ளிக்கு இதுதான் நியாயம். இணையத்தில் விற்கும் பல மலிவுக் கருவிகள் '9000 லூமென்', 'ஃபுல் எச்டி ஆதரவு' என்று எழுதிக்கொள்ளும். ஃபுல் எச்டி என்றால் 1080 வரி. உள்ளே படத்தை உருவாக்கும் சின்னத் திரை பெரும்பாலும் 480 வரிதான், 'ஆதரவு' என்றால் பெரிய படத்தை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்று அர்த்தம். நெட்ஃபிளிக்ஸ் அனுமதி பெறாத கருவியில் செயலி திறக்காது, திறந்தாலும் படம் மங்கல். கைப்பேசித் திரையை அப்படியே அனுப்பினால் ஒலி வரும், படம் கறுப்பாக இருக்கும். அது பழுதில்லை, திருட்டுப் பதிவைத் தடுக்கும் பூட்டு.

இந்தக் கருவி தூக்கிக்கொண்டு போவதற்காகவே செய்தது. சிக்கலும் அங்கேதான். ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்பது நெட்ஃபிளிக்ஸின் விதி. கிள்ளானில் உள்ள சின்னம்மா வீட்டு வைஃபையில் இதைத் திறந்தால், 'இது உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியா' என்று கேட்டு, தற்காலிகக் குறியீடு கேட்கலாம். குறியீட்டைப் பெறும் இணைப்பு கணக்குக்காரரின் மின்னஞ்சலுக்கோ கைப்பேசிக்கோ போகும், 15 நிமிடத்தில் காலாவதியாகும். கணக்கு அண்ணன் பெயரில் இருந்து அவர் வேலையில் இருந்தால் எல்லாரும் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். பினாங்குக்குக் கொண்டுபோவதென்றால் முதல் நாளே அங்கே திறந்து இதை முடித்துவிடுங்கள்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் போடலாம். ஃபுல் எச்டி மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும், இரண்டரை மணிப் படத்துக்கு ஏழு ஏழரை ஜிபி. நொடிக்கு 5 மெகாபிட் வேகம் இருந்தால் போதும். ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை வேறு என்பதால், சென்னையில் உள்ள அக்கா 'நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது' என்று சொல்லும் படம் இங்கே இல்லாமல் போகும். உங்கள் கணக்கிலேயே முதல் நாள் தேடிப்பாருங்கள்.

மலாய், சீன நண்பர்களையும் கூப்பிட்டால் மலாய் அல்லது ஆங்கில வசன எழுத்து வேண்டும். தமிழ் சரளமாகப் பேசாத பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே துணை. எழுத்தின் அளவையும் நிறத்தையும் நெட்ஃபிளிக்ஸ் கணக்குப் பக்கத்தில் பெயர்வாரியாக மாற்றலாம். பெரிய அளவு, வெள்ளை எழுத்து, பின்னால் கறுப்புப் பட்டை.

பழைய படங்களுக்கு ஒரு குறிப்பு. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் சதுரத்தை நெருங்கிய வடிவம். 80 அங்குலத்தில் போட்டால் இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், அதுதான் சரி. 'திரை நிறையட்டும்' என்று இழுத்துவிட்டால் நடிகர் திலகம் குண்டாகிவிடுவார். சினிமாஸ்கோப்பில் மேலும் கீழும் பட்டை, ஆகவே உயரம் குறையும். பின்வரிசைப் பெரியவர்களை முன்னால் உட்கார வையுங்கள்.

ஒலி 5 வாட். மூடிய அறைக்குப் போதும். போர்ச்சில் காற்றாடி சுற்ற, பக்கத்தில் மோட்டார் சைக்கிள் போக, வசனம் கரைந்துவிடும். புளூடூத் ஸ்பீக்கர் சேர்த்தால் உதட்டுக்கும் குரலுக்கும் இடைவெளி விழலாம், முதல் பத்து நிமிடம் வசனக் காட்சி ஒன்றைப் பார்த்துச் சோதியுங்கள். சுவரைப் பகிர்ந்துகொள்ளும் தெராஸ் வீட்டில் ஸ்பீக்கரைப் பார்வையாளர் பக்கம் திருப்பிவைத்து, சத்தத்தை அடக்கிவையுங்கள்.

ஏர்கோன் அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் பனி பூக்கும். துடைக்காதீர்கள், அணைத்தபடியே 20 நிமிடம் வெளியே வைத்திருங்கள். கொசுவத்திப் புகை ஒளிக்கற்றையில் மூட்டமாகத் தெரியும், கற்றையை விட்டுத் தள்ளிக் கொளுத்துங்கள். மழை விட்ட இரவில் ஈசல் கிளம்பினால் நேரே லென்ஸுக்குத்தான் வரும். அன்று உள்ளே ஹாலுக்கு மாறிவிடுங்கள், வேறு வழியில்லை.

தாமான் மண்டபத்தில் ஊரைக் கூட்டிப் போடுவது வேறு கதை. நெட்ஃபிளிக்ஸ் சந்தா வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே. பொதுத் திரையிடலுக்கு உரிமைக்காரரின் அனுமதியும், 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டமும் குறுக்கே நிற்கும்.

வாங்கும்போது சிரிம் தரச்சான்று வில்லையும் மலேசிய உத்தரவாத அட்டையும் பாருங்கள், வெளிநாட்டிலிருந்து நேரே வந்த சரக்கு மலிவாக இருக்கும், பழுது பார்க்க ஆள் இருக்காது. ஒரே ஹாலில்தான் எப்போதும் பார்ப்பீர்கள் என்றால் இதே காசுக்குப் பெரிய தொலைக்காட்சி வாங்குங்கள், பகலிலும் தெரியும். ஆளுக்கொரு வீடு என்று மாதம் ஒருமுறை படம் போடும் குடும்பத்துக்கு ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அரை நட்சத்திரத்தைப் பிடித்தது அந்தப் பென்டிரைவ் வாய், ஒரு நட்சத்திரத்தை வெளிச்சம்.