டமியா 1/72 கார்சேர்: கோவைக்காரர்கள் கட்ட வேண்டிய போர் விமானம்

இரண்டாம் உலகப்போர் ஃபைட்டர் ஒன்றைப் பிளாஸ்டிக் மாடலாகக் கட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் என்றுதான் முதலில் தேடுகிறார்கள். நல்ல விமானங்கள்தான். ஆனால் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்து ஆட்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது ஜப்பான் மாடல் நிறுவனமான டமியாவின் 1/72 அளவு (நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) எஃப்4யு-1டி கார்சேர் கிட். கார்சேர் அமெரிக்காவில் செய்த போர் விமானம், பிரிட்டிஷ் கடற்படையும் அதை வைத்திருந்தது. பெட்டிக்குள் இருக்கும் வேலைப்பாடு அவ்வளவு சுத்தம், அதோடு இது நம்மூருக்கு வந்துபோன விமானம்.

இது பலருக்குத் தெரிவதில்லை. 1940-களில் பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்க கோவையில் ஒரு பெரிய தளம் வைத்திருந்தது, பெயர் ஹெச்.எம்.எஸ். கருடா. தரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். சூலூரில் இருந்ததற்கு ஹெச்.எம்.எஸ். வைரி என்று பெயர். இந்தியப் பெருங்கடலில் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்த கார்சேர், ஹெல்கேட், பாராகுடா எல்லாம் இங்கே வந்து பிரித்து மாட்டப்பட்டிருக்கின்றன. இன்று அதே சூலூரில் நம் விமானப்படையின் தேஜஸ் போர் விமானங்கள் இருக்கின்றன. சோமனூர்ப் பக்கம் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அவை போகும் சத்தம் நெஞ்சுக்கூட்டில் அதிரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கார்சேருக்கு இறக்கை ஒட்டுவது எனக்குத் தனி சந்தோஷம்.

சரி, கிட்டுக்கு வருவோம். 1/72 என்றால் விரித்த இறக்கை பதினேழு சென்டிமீட்டர் சொச்சம், உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். நிஜ விமானத்தின் புரொப்பல்லர் நாலு மீட்டர் அகலம், இரண்டாயிரம் குதிரைத்திறன் எஞ்சினுக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. அது தரையில் இடிக்காமல் இருக்க வேண்டும், சக்கரக் கால்களும் நீளமாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இறக்கையைக் கீழே மடக்கி மேலே தூக்கினார்கள். கார்சேரை எங்கே பார்த்தாலும் அடையாளம் காட்டும் அந்த வளைவுதான் மாடல் கட்டுகிறவர்களுக்குத் தலைவலி. வளைவும் உடம்பும் சேரும் இடத்தில் இடைவெளி விழுந்தால் பட்டி வைத்துத் தேய்த்து, பேனல் கோடுகளெல்லாம் அழிந்து, மறுபடி கீறி என்று வேலை இழுக்கும். இந்தக் கிட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஒட்டுவதற்கு முன்னால் சும்மா பொருத்திப் பார்த்தபோதே கச்சிதமாக உட்கார்ந்தது, சிமென்ட்டை (பிளாஸ்டிக் மாடல் ஒட்டும் பசை) மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு வைத்ததோடு சரி. பட்டி டப்பாவைத் திறக்கவே இல்லை. எஞ்சினில் இரண்டு வரிசையாகப் பதினெட்டு சிலிண்டர்களையும் கருப்படித்து, விளிம்பில் மட்டும் வெள்ளி தடவினால் போதும், அப்படியே எழும்பி நிற்கிறது.

காக்பிட் கண்ணாடியை மட்டும் சூப்பர் க்ளூவில் ஒட்டாதீர்கள். அதன் ஆவி பட்டால் பனி படர்ந்த மாதிரி வெளுத்துவிடும். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போதும்.

இப்போது நான் அக்கறையோடு சொல்ல வேண்டிய இடம். பெட்டியில் இருப்பது அமெரிக்கப் படையின் கார்சேர், டெக்காலும் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளப் படங்கள்) அவர்களுடையதே. இந்துமாக்கடலில் பறந்த கார்சேர் வேண்டும் என்றால் கத்தியை எடுத்தாக வேண்டும். பிரிட்டிஷ் கப்பல்களில் விமானம் நிறுத்தும் ஹாங்கரில் கூரை தாழ்வு, நிறுத்துவதற்காக இறக்கையை மேலே மடக்கினால் இடித்தது. அதனால் இரண்டு முனையிலும் எட்டு அங்குலம் வெட்டினார்கள். நம் அளவில் அது பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மாஸ்கிங் டேப்பில் கோடு போட்டு, ரம்பத்தால் மெதுவாக அறுத்து, முனையை உப்புத்தாளில் சமப்படுத்த வேண்டும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் இந்தக் கிட்டிலேயே மனதுக்கு நிறைவான வேலை இதுதான். மொட்டையான அந்த முனையைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தவர்களுக்கு இது எந்தக் கடற்படை விமானம் என்று புரிந்துவிடும்.

வண்ணம், மேலே எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரேவும் டார்க் ஸ்லேட் கிரேவும், கீழே ஸ்கை என்ற நிறம். டார்க் ஸ்லேட் கிரே பச்சை கலந்தது, வெறும் சாம்பல் அடித்துவிட்டால் பார்க்கவே தப்பாக இருக்கும். காற்றால் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷுக்குப் பெயின்ட்டைப் பால் பதத்தில் கரைத்து மெல்லிய கோட்டாக நாலைந்து தரம் அடியுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் ஜன்னலைத் திறந்து வைத்து அடிக்கவே கூடாது. தூசி பறப்பது ஒரு பக்கம், அக்ரிலிக் பெயின்ட் ஊசி முனையிலேயே காய்ந்து அடைக்கும். எங்களைப் போல விசைத்தறி ஓடும் தெருவில் இருந்தால் பஞ்சும் வந்து ஒட்டும், அதனால் அடித்து முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுவேன்.

பிரிட்டிஷ் டெக்கால் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஜப்பான் விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிவிடக் கூடாது என்று நம் பக்கத்தில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்ட அடையாளத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள், எனவே பார்த்து வாங்குங்கள், நடுவில் சிவப்புப் பொட்டு வைத்தது இதற்கு ஆகாது. அப்புறம், டெக்காலை ஊறவைக்க போர்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்ததும் டெக்காலைச் சுற்றி வெள்ளைக் கறை நிற்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் அதுவே போதும், இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர்.

விலை, நான் வாங்கியபோது இரண்டாயிரத்தைத் தாண்டியது. ஆன்லைன் கடை ஒன்று அனுப்பிய பெட்டி ஓரம் நசுங்கி வந்தது, கேட்டால் பதிலே இல்லை. உள்ளே எதுவும் உடையாதது என் நல்ல நேரம். அதன் பிறகு காந்திபுரத்தில் மாடல் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடையில் சொல்லிவைத்து வாங்குகிறேன். "ஏனுங்க, பெட்டியத் தொறந்து பாத்துட்டே எடுத்துக்கங்க" என்று அந்த அண்ணனே சொல்வார். பத்து நாள் கூடுதலாகக் காத்திருந்தாலும் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

முதல் தடவை கட்டுகிறவர்கள் இறக்கையை வெட்டாமல், பெட்டியில் உள்ளபடி அமெரிக்க நீலத்திலேயே முடியுங்கள், ஒரே நிறம் என்பதால் பிரஷ்ஷிலேயே அடித்துவிடலாம். இரண்டாவது பெட்டியை நம்மூர் கார்சேருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.