நேரத்தை வெட்டுவதா, பாடத்தை வெட்டுவதா?

பெரிய வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொள், மலைப்பு போய்விடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரி, எந்த இடத்தில் வெட்டுவது? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நேரத்தால் பிரிக்கலாம், எண்ணிக்கையால் பிரிக்கலாம், பாடத்தால் பிரிக்கலாம். மூன்றும் ஒரே பலனைத் தருவதில்லை. தமிழ்நாட்டு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை வைத்தே பேசுகிறேன். குடியாத்தம், வேலூர்ப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது அதற்குப் படித்துக்கொண்டிருப்பார், எங்கள் வீட்டில் அண்ணி. தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25 என்று 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள பள்ளிப் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாலே பாதிப் பேருக்குத் தூக்கம் வந்துவிடும்.

நேரத்தால் பிரிப்பதில் பெயர் பெற்றது பொமோடோரோ முறை. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஆரம்பித்தது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் கொஞ்சம் நீண்ட ஓய்வு. உட்காரவே மனசு வராத நாளில் இதுபோல உதவுவது வேறெதுவும் இல்லை, 25 நிமிடம்தானே என்று உட்கார்ந்துவிடலாம். இன்னொரு நன்மையும் உண்டு: இதில் பாக்கி சேராது, நேற்று படிக்காவிட்டால் நேற்றோடு போயிற்று. வாலாஜா ரோட்டில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரத்தை ரயிலே வெட்டிக் கொடுத்துவிடுகிறது, அவர்களுக்கு இந்த முறை சரி. ஆனால் கூட்டுவட்டிக் கணக்கின் நடுவில் மணி அடித்தால் என்ன செய்வது? "இன்னாப்பா இது, பள்ளிக்கூட பெல்லா, அடிச்சதும் எழுந்துக்க?" என்று அண்ணி ஒரே வாரத்தில் மூட்டை கட்டிவிட்டார். எனக்கு இருக்கும் குறை வேறு. 25 நிமிடம் உட்கார்ந்தாய் என்பதற்குக் கடிகாரம் சாட்சி சொல்லும், என்ன தெரிந்தது என்பதற்குச் சொல்லாது.

எண்ணிக்கை முறை இங்கே புதிதே இல்லை. பேரணாம்பட்டு, குடியாத்தம் வீடுகளில் பீடி சுற்றுகிறவர்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அங்கே அது பொருந்துகிறது, ஏனென்றால் முதல் பீடிக்கும் கடைசி பீடிக்கும் வித்தியாசம் இல்லை. புத்தகம் அப்படியா? படம் போட்ட பக்கம் இரண்டு நிமிடத்தில் ஓடும், அரசியலமைப்புப் பக்கம் ஒன்று அரை நாளை விழுங்கும். தினம் 20 பக்கம் என்று எழுதி வைத்தவர் கல்யாணம், காய்ச்சல் என்று இரண்டு நாள் விட்டால் மூன்றாம் நாள் 60 பக்கம் எதிரே நிற்கும், அன்றைக்கே பலருக்கு விட்டுப்போகிறது. பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கும்போது மட்டும் எண்ணிக்கை நல்லது, தினம் 50 கேள்வி என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் நிற்பது பாடத்தின் பக்கம். 1981இல் ஆல்பர்ட் பண்டூரா, டேல் ஷங்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு 42 பக்கக் கழித்தல் கணக்குகளைக் கொடுத்தார்கள், மொத்தம் ஏழு அமர்வு. ஒரு குழுவிடம் அமர்வுக்கு 6 பக்கம் என்றார்கள், இன்னொரு குழுவிடம் கடைசிக்குள் 42 பக்கத்தையும் முடிக்கலாம் என்றார்கள், மற்றொரு குழுவுக்கு இலக்கே கிடையாது. அமர்வுக்கு அமர்வு கிட்ட இலக்கு இருந்த பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள், கணக்கில் ஆர்வமும் கூடியது. தூரத்து இலக்கு கிடைத்தவர்களோ, இலக்கே இல்லாதவர்களைவிட ஒன்றும் சாதிக்கவில்லை. இதை எடுத்துச் சொல்கிறவர்கள் 6 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, ஒவ்வொரு 6 பக்கமும் கழித்தலில் ஒரு வழியைப் பழகுவதற்கானது என்பதுதான். அமர்வு முடிந்தால் கையில் ஒரு திறமை இருக்கும்.

ஆனால் 'இந்திய தேசிய இயக்கம்' என்று பட்டியலில் எழுதினால் அது துண்டு ஆகாது, பாறாங்கல்லுக்குப் பெயர் வைத்தது மாதிரி. 'வேலூர்ப் புரட்சி' என்று எழுதுங்கள், அது துண்டு. 1806 ஜூலை 10, புதிய தலைப்பாகையால் சிப்பாய்களுக்கு வந்த கோபம், கோட்டையில் இருந்த திப்புவின் மகன்கள், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லஸ்பி, பிறகு திரும்ப அழைக்கப்பட்ட ஆளுநர் பெண்டிங்க். புத்தகத்தை மூடிவிட்டு இதை ஐந்து நிமிடத்தில் வீட்டில் யாருக்காவது சொல்ல முடிந்தால் முடிந்தது, திணறினால் முடியவில்லை. (தினமும் கோட்டையைத் தாண்டிப் போகிற நம் ஊர்க்காரர்களே ஆண்டைத் தப்பாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.) திறனறிவிலும் அப்படியே: இன்று தனிவட்டி, நாளை கூட்டுவட்டி, அப்புறம் காலமும் வேலையும்.

பாட முறைக்கும் தொல்லை உண்டு. துண்டு போடுவதே தனி வேலையாகிவிடும், நான்கு நிற பேனா, அட்டவணை, செயலி என்று படிக்காமலே ஒரு ஞாயிறு போய்விடும். அதனால் மொத்தப் பாடத்திட்டத்தையும் முதல் நாளே நறுக்க வேண்டாம், அடுத்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பிரித்தால் போதும். மனசு ஓடாத நாளில் அந்தத் துண்டுக்கு மேல் 25 நிமிடக் கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மணி அடித்தாலும் கணக்கு முடியும்வரை எழுந்திருக்காதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால் தமிழிலிருந்துதான். அதில் 40 விழுக்காடு, அதாவது 150க்கு 60 வாங்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பிரித்தெழுதுதல், எதிர்ச்சொல், வேர்ச்சொல் என்று அங்கே துண்டுகளும் ஏற்கெனவே நறுக்கித்தான் இருக்கின்றன.