"பம்ப் போச்சு" எண்டு சொன்னா நம்பிடாதீங்க: பழைய மெசி 35ஆல 68,500 ரூபா போனது

68,500 ரூபா. மாரி வேளாண்மைச் செலவுக்கு ஒதுக்கி வச்ச காசு. அது எதுக்குப் போச்சு எண்டு நேத்துப் பின்னேரந்தான் விளங்கினது, அதான் சூடு ஆற முதல் எழுதுறன். கடைட பேரைப் போடல்ல. மட்டக்களப்புப் பக்கம் டீசல் பம்ப் திருத்துற கடை ஒண்டு, அவ்வளவுதான்.

உழவு மிசின் 1962 மெசி பெர்கூசன் 35, மூண்டு சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின். வாவிக்கு மேற்குப் பக்கம் படுவான்கரையில இன்னமும் எத்தனையோ வாடியில இது நிக்குது. குறை இதுதான்: ரேஸ் குடுக்காம ஸ்லோவில விட்டா மூண்டு சிலிண்டரும் அடிக்கிற இடத்தில ரெண்டு அடிச்சு ஒண்டை விடும், பொனட் குலுங்கும், காலையில வெள்ளைப் புகை. ரேஸ் பண்ணினா சத்தம் சீராகிடும். உழவில இழுவை குறையல்ல. ஓடின சூட்டோட நிப்பாட்டித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா உடனே எழும்பும்.

அந்தக் கடைசி விசயத்தை வச்சே பம்ப் தேயல்ல எண்டு சொல்லியிரிக்கலாம். இதில இரிக்கிற டி.பி.ஏ. எண்ட டீசல் பம்பில, டீசலை அமுக்கிச் சிலிண்டருகளுக்குப் பிரிச்சுக் குடுக்கிற ஹெட்டும் ரோட்டரும் தேஞ்சா முதல்ல மாட்டுறது சூட்டு ஸ்டார்ட்டிங்தான். சூட்டில டீசல் இளகித் தேஞ்ச இடைவெளியால நழுவிடும், செல்ப் மோட்டர் சுத்துற வேகத்தில, சிலிண்டருக்குள்ள டீசலைத் தூவுற நொசிலைத் திறக்கிற அமுக்கம் வராது. பம்புக்கு மேல ஈரச் சாக்கைப் போட்டு ஆறவச்சா எழும்பும். அப்பிடி எண்டாத்தான் ஹெட் போச்சு. ஸ்லோவில மட்டும் ஒண்டை விடுறது வேற வருத்தம்.

கடைக்காரர் பிளேன்டி குடுத்து, பம்பைக் கழட்டிக் கையில வச்சு சாப்டைச் சுத்திக் காட்டினார். "தம்பி, நீங்களே சுத்திப் பாருங்க, லூசாக் கிடக்கு. ஹெட் முடிஞ்சு போச்சு. வேற ஆக்களுக்கு எண்டா எண்பதுக்குக் குறையச் செய்யமாட்டன், உங்களுக்கு எண்டபடியா 68,500." கையால சுத்திப் பாத்து ஹெட் தேய்வு தெரியவே தெரியாது. பின்னுக்கு, பம்பை ஓட்டி டீசல் அளவு பாக்கிற டெஸ்ட் மேசை நிண்டது, அளவுக் கண்ணாடிக் குழாயெல்லாம் தூசி. அதில ஏத்திக் காட்டுங்க எண்டு ஒரு வார்த்தை கேட்டிரிந்தா இந்தப் பதிவே வந்திராது.

பம்ப் அலுமினியப் பெயின்ற் அடிச்சுப் புதுசு மாதிரி வந்திச்சு. பூட்டினா அதே ஆட்டம், இப்ப எஞ்சின் தட்டுற நொக்கிங் சத்தமும் சேந்து. முதல் போனுக்கு, "டீசல் சரியில்ல, வேற பெற்றோல் செட்டில அடிங்க." ரெண்டாவதுக்கு, "பத்து மணித்தியாலம் ஓட்டுங்க, தானாச் செட் ஆகும்." செட் ஆக அது என்ன கலியாண மாப்பிளையா? மூண்டாவதுக்குப் பெடியன் எடுத்து, "பாஸ் கொழும்புக்குப் போயிட்டார்." நேர போனா பாஸ் கடையிலதான். "நீங்க சீலை உடைச்சிட்டீங்க, இனி நாங்க பொறுப்பில்ல." அதுக்குப் பிறகு நம்பரே வேலை செய்யல்ல.

பெயின்றைத் தின்னரால துடைச்சுப் பாத்தம். ஹெட்டில பைப் பூட்டுற இடத்துக்குக் கிட்ட பழைய சுத்தியல் கொத்து ஒண்டு, நெல்லுமணி அளவில. அது அப்பிடியே இரிக்கு, குழிக்குள்ள வெள்ளிப் பெயின்ற் நிரம்பி. புது ஹெட்டாம்! டீசல் அடிக்கிற நேரத்தைச் சரியா வைக்கிறதுக்குப் பம்ப் விளிம்பில இரிக்கிற டைமிங் கோட்டையும் பெயின்ற் மூடியிரிந்தது. டைமிங் கேஸ் கோட்டுக்கு நேர வைக்காமப் பூட்டினபடியாத்தான் அந்த நொக்கிங்.

உண்மையான பிழை ரெண்டாம் சிலிண்டர் நொசில். ஸ்லோவில ஓடவிட்டு நொசில் பைப் நட்டை ஒவ்வொண்டா அரைச் சுத்து இளக்கோணும். நல்ல சிலிண்டர் எண்டா மிசின்ட வேகம் இன்னும் விழும், பழுதான சிலிண்டர் எண்டா ஒரு மாற்றமும் இரிக்காது. ஒண்டும் மூண்டும் விழுந்திச்சு, ரெண்டு அசையல்ல. நொசிலை எடுத்தா நுனியில ஒழுக்கு. துளைக்குள்ள ரோச் அடிச்சா அடியில பழைய செப்பு வாசர், அதுக்கு மேல புது வாசர். ஆரோ முந்தி பழையதை எடுக்காமப் பூட்டியிரிக்கிறாங்க. நொசில் உயர்ந்து நிண்டு டீசல் சரியான இடத்தில அடிக்கல்ல. நொசில் ஒண்டும் வாசர் மூண்டும் 5,800 ரூபா. போன காசு 68,500.

அவசரத்தில சொல்லுறன். பம்பில கைவைக்க முதல் டாங்க் வாய் வலையையும் கண்ணாடிக் கிண்ணத்தையும் பாருங்க. டாங்க் மேலதானே, காத்து எங்கால வரும் எண்டு நினைக்காதீங்க. வலை அடைச்சா, டாங்கில இரிந்து டீசலை இழுக்கிற லிப்ட் பம்ப் இழுக்கிற இழுவைக்குக் கிண்ணத்து வாசரால காத்து வரும். தப்பெற் (வால்வ்) இடைவெளி ஆறின எஞ்சினில 12 தௌ, அதாவது அங்குலத்தில ஆயிரத்தில 12 பங்கு. நட்டு இளக்கேக்க சீறுற டீசலுக்குக் கிட்டக் கையைக் கொண்டு போகாதீங்க, தோலைக் குத்திக்கிட்டு உள்ள போகும். பம்பைக் குடுக்கிறதெண்டா முதல்ல ஹெட்டையும் விளிம்புக் கோட்டையும் போனில படம் எடுங்க, மேசையில ஏத்தி மூண்டு குழாய் அளவையும் காட்டச் சொல்லுங்க, கழட்டின பழைய ஹெட்டைக் கையில வாங்குங்க. அதைத் தராட்டி 68,500 இல்ல, 500 ரூபாவும் குடுக்காதீங்க.