டீகி 21 வரைபடம் வாங்கிப் படகு கட்டினேன்: வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு

மொத்தம் இரண்டரை வருஷம். போன மே மாதம் இங்கிலாந்தின் பிளிமத்தில் டேமர் ஆற்றில் இறக்கினேன், ஒரு முழுக் கோடையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கட்டும்போதே எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். தண்ணீரில் இறக்காமல் படகைப் பற்றி எழுதுவது சரியாகப் படவில்லை, அதனால்தான் இவ்வளவு நாள் கழித்து.

டீகி 21 என்பது 21 அடி நீளம், 12 அடி அகலம் உள்ள இரட்டை உடல் பாய்மரப் படகு. வடிவமைத்தவர் ஜேம்ஸ் வேரம், 1980களின் தொடக்கத்தில். 1950களின் நடுவில், 24 அடிகூட இல்லாத 'டங்கரோவா' என்ற இரட்டைப் படகைத் தானே கட்டி, இரண்டு ஜெர்மன் பெண்களோடு அட்லாண்டிக்கைக் கடந்த மனிதர் அவர். 2021இல் காலமானார். அவரோடு பல பத்தாண்டுகள் சேர்ந்து வடிவமைத்த ஹன்னெக்கே பூன் கையால் வரைந்த படங்கள்தான் நாம் காசு கொடுத்து வாங்குவது. கார்ன்வாலில் டெவோரன் என்ற சிற்றூரில் இருந்து வருகின்றன. ஒரு வரைபடத்துக்கு ஒரு படகு கட்டும் உரிமை, அவ்வளவுதான்.

வரைபடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பொறியியல் வரைபடம் மாதிரி வெறும் கோடும் எண்ணும் இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்கள் நின்று வேலை செய்வது போலவே வரைந்திருக்கிறார்கள். ஒருவர் பலகையைப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் கம்பியை முறுக்குகிறார், எந்தக் கை எங்கே இருக்க வேண்டும் என்பது படத்திலேயே தெரிகிறது. எனக்குத் தச்சு வேலை தெரியாது. வீட்டில் ஒரு அலமாரி செய்ததுதான் அதற்கு முந்தைய அனுபவம். அந்த அனுபவத்தோடு இந்தப் படங்களைப் பார்த்துப் படகு கட்ட முடிந்தது என்றால், வரைந்தவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு என்னால் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று, இது கிட் இல்லை. அமெரிக்காவில் அனாபொலிஸில் இருந்து வரும் பாக்கெட்ஷிப் மாதிரியான கிட் வாங்கினால் ப்ளைவுட் எல்லாம் கணினி இயந்திரத்தில் வெட்டப்பட்டு, துளை வரைக்கும் போட்டு வந்துவிடும், பெட்டியைப் பிரித்து ஒட்ட ஆரம்பிக்கலாம். இங்கே ப்ளைவுட் பலகையைத் தரையில் விரித்து, வரைபடத்தில் இருக்கும் அளவுகளைப் புள்ளி புள்ளியாகக் குறித்து, நீளமான மரச்சட்டத்தை அந்தப் புள்ளிகளின் மேல் வளைத்து, பென்சிலால் கோடிழுத்து, நாமேதான் அறுக்க வேண்டும். அந்த வளைவு கண்ணுக்கு ஒழுங்காக ஓடுகிறதா என்று தரையில் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு புள்ளி பிசகியிருந்தால் அங்கே சட்டம் துருத்தும், உடனே தெரிந்துவிடும். குறிப்பதற்கும் அறுப்பதற்குமே எனக்கு ஐந்து வாரம் போயிற்று. வாரக் கடைசி மட்டும் கிடைக்கிறவர்கள், பொறுமை குறைவு என்று தங்களைத் தெரிந்தவர்கள், கிட் பக்கம் போவது நல்லது. விலை கூடும், நேரம் மிச்சமாகும்.

அதற்கு அப்புறம் வந்த ஒரு நாளை மறக்கவே முடியாது. ஒரு உடலின் இரண்டு பக்கப் பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடி விளிம்பில் சிறு துளைகள் போட்டு, செம்புக் கம்பியால் தைக்கிறோம். அதுவரைக்கும் அது தட்டையான ப்ளைவுட்தான். பிறகு மேல் விளிம்புகளை இரண்டு பக்கமும் இழுத்து, மூடியிருந்த புத்தகத்தைத் திறப்பது போலத் திறந்து, குறுக்குப் பலகைகளை ஒவ்வொன்றாக உள்ளே நிறுத்தினோம். பத்து நிமிஷத்தில் தரையில் ஒரு படகு நின்றது. என் மனைவி அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, பிடித்துக்கொண்டிருந்தாள், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன், காசு போகும் இடம் இதுதான். உடல் முழுக்க 6 மில்லிமீட்டர் ப்ளைவுட். கடல் தரம், பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை உள்ளது வாங்கச் சொல்வார்கள். முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். நான் முதலில் ஒரு கடையில் வாங்கிய பலகைகளில் முத்திரை அழகாக இருந்தது, அறுத்துப் பார்த்தால் நடு அடுக்கில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் தண்ணீர் போய்த் தங்கினால் வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மரம் மக்கும். திருப்பிக் கொடுக்க ஒரு மாசம் இழுபறி, வண்டிக்கூலி என் தலையில். பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற படகுத் தச்சர் ஒருவர் அப்போதுதான் சொல்லிக் கொடுத்தார்: வாங்குமுன் ஒரு துண்டு கேட்டு வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு எடு, ஆறவிட்டு மறுபடி போடு, அடுக்கு பிரியாவிட்டால் மீதியை வாங்கு என்று. இரண்டாவது கடையில் அப்படித்தான் செய்தேன். அடுப்பங்கரையில் சாம்பார்ச் சட்டிக்குப் பக்கத்தில் ப்ளைவுட் வெந்துகொண்டிருந்தது.

பலகைகளை ஒட்டும் எபாக்ஸி பசையைத் தெரியாதவர்களுக்கு: பிசினும் கெட்டிப்படுத்தியும் சரியான விகிதத்தில் கலந்தால்தான் இறுகும். கண்மதிப்பு உதவாது, தராசில் நிறுக்க வேண்டும். மூலைகளை நிரப்ப மரத்தூள் சேர்த்துக் கெட்டியாக்க வேண்டும், பஜ்ஜி மாவு பதம் போதாது, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம். அந்த மூலை நிரப்பின் மேல் கண்ணாடியிழை நாடா ஒட்டினால் கம்பித் தையலுக்கு வேலையே இல்லை, பலகையைவிட இணைப்பு பலமாகிவிடும். ஒரே குவளையில் நிறையக் கலந்து வைத்தால் தானாகச் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். இந்த ஊர்க் குளிரில் இறுகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பட்டறையில் ஹீட்டர் ஓடவிட்ட மின்சாரக் கட்டணத்தையும் படகுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. இறுகிய பிறகு மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் நிற்கும், வெறும் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பூச்சு பிடிக்காது. அப்புறம் கையுறை. ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க எபாக்ஸி பக்கம் போக முடியாமல் ஆகிவிடலாம். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு ஆன மணிக்கணக்கு 870. ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இதில் பாதிக்கு மேல் தேய்த்தது. செலவு பாய், ட்ரெய்லர், பழைய அவுட்போர்டு எஞ்சின் எல்லாம் சேர்த்து 8,000 பவுண்டு பக்கம், வரைபடத்துக்குக் கொடுத்தது இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாயைப் புதிதாகத் தைக்கக் கொடுத்ததும் ப்ளைவுட்டும்தான் பெரிய தொகைகள்.

இனி எனக்கு இந்தப் படகில் மிகவும் பிடித்த விஷயம். இரண்டு உடல்களையும் சேர்க்கும் குறுக்குச் சட்டங்கள் போல்ட்டால் முடுக்கப்படவில்லை, கயிற்றால் கட்டப்பட்டிருக்கின்றன. சுக்கான்கூடக் கீல் இல்லாமல், துளைகள் வழியாகக் கயிற்றை எட்டு போலக் குறுக்கும் நெடுக்கும் கோத்துத்தான் தொங்குகிறது. நான் நாகப்பட்டினம் பக்கம். சின்ன வயதில் கரையில் கட்டுமரக்காரர்கள் வந்து இறங்கியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போட்டதைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் விடியுமுன் திரும்பக் கட்டுவார்கள், காலால் மிதித்து உந்தி இழுத்து. இரட்டை உடல் படகைக் குறிக்கும் 'கேட்டமரன்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் கட்டுமரத்தில் இருந்து போனது, வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி சோழமண்டலக் கரையில் கேட்டு எழுதி 1697இல் அச்சாகியிருக்கிறது. ஆனால் ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும்: இந்தப் படகின் வடிவம் நம்முடையது இல்லை. வேரம் எடுத்துக்கொண்டது பசிபிக் தீவுக்காரர்களின் இரட்டைத் தோணி. நம் கட்டுமரம் சேர்த்துக் கட்டிய மரங்கள், அது தெப்பம் வகை. பெயர் இங்கிருந்து, உருவம் அங்கிருந்து. கட்டும் யோசனை மட்டும் இரண்டு கடற்கரைக்கும் பொது.

போல்ட் போட்ட இடத்தில் அலை அடிக்கும்போது அத்தனை பாரமும் ஒரு துளையின் ஓரத்தில் போய் நிற்கும், நாளாக ஆகத் துளை பெரிதாகும், அங்கே தண்ணீர் புகும். கயிறு கொஞ்சம் இடம் கொடுக்கிறது. முதல் நாள் அலையில் போனபோது சட்டத்தின் மேல் கை வைத்துப் பார்த்தேன், இரண்டு உடல்களும் தனித்தனியாக மூச்சு விடுவது போல மெல்ல அசைந்தன, பயமாகத்தான் இருந்தது. கரைக்கு வந்து பார்த்தால் கயிறு தளர்ந்திருந்தது. புதுக் கயிறு முதல் ஓட்டத்தில் நீளும், அது இயல்புதான். அவிழ்த்து மறுபடி சுற்றி, சுற்றுகளுக்குக் குறுக்கே இன்னொரு தடவை சுற்றி இறுக்கினேன், அதற்கப்புறம் செப்டம்பர் வரை தொடவில்லை. வெயிலில் பாலியெஸ்டர் கயிறு நைந்துபோகும், அதனால் மேலே துணி உறை போட்டிருக்கிறேன்.

ஓட்டம் எப்படி? காற்று பக்கவாட்டில் வந்தால் இவ்வளவு சின்னப் படகா என்று ஆச்சரியமாக இருக்கும். பாய்மரத்தை உறை போலச் சுற்றி வரும் பாய், உச்சியில் ஒரு குட்டைக் கழி, ஏற்றி இறக்க ரொம்ப சுலபம், சுருக்குவதும் தனியாளாகவே முடிகிறது. காற்றை எதிர்த்துப் போவதில்தான் இதன் குறை தெரியும். தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகை கிடையாது, ஆங்கில வி எழுத்து போல இருக்கும் உடலின் அடிதான் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கிறது, அடியில் ஆழமாக இறங்கும் நிலைப்பலகை உள்ள படகு அளவுக்குக் காற்று வரும் திசையை நெருங்கிப் போகாது. பிளிமத்தில் இருந்து ஃபோய் துறைமுகம் சுமார் 20 கடல் மைல். இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, அதாவது போகிற பக்கமே எதிர்க்காற்று. ஜூலையில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி ரேம் ஹெட் முனையைத் தாண்டவே மதியம் ஆகிவிட்டது. எதிர்க்காற்றில் வளைந்து வளைந்துதான் போக வேண்டும், அப்படிப் பக்கம் திருப்பும்போது முன்பாயைக் கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கமே பிடித்து வைத்தால்தான் அணியம் திரும்புகிறது, இல்லாவிட்டால் நடுவில் நின்றுவிடும். பழகப் பழகக் கைவந்துவிட்டது.

உள்ளே இடம் குறைவு. ஒவ்வொரு உடலிலும் ஒருவர் படுக்கலாம், நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது. இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டுமானால் வெளியே, இரண்டு உடல்களுக்கும் நடுவில் இருக்கும் மேடைக்கு வர வேண்டும், மழை பெய்தால் மேடை மேல் கூடாரம். மனைவியும் நானும் நான்கு இரவு தங்கினோம், ஒரு இரவு முழுக்க மழை, ஆளுக்கொரு உடலில் படுத்துக்கொண்டு கத்திக் கத்திப் பேசினோம். குழந்தைகளோடு ஒரு வாரம் போக நினைப்பவர்களுக்கு இது போதாது, இதே வரிசையில் டீகி 26 பார்க்கலாம். சாமானும் அதிகம் ஏற்றக் கூடாது, பாரம் கூடினால் முதலில் போவது வேகம். ஆனால் இரண்டு ஜாண் தண்ணீரில் மிதக்கிறது. வற்றம் வரும்போது மணலில் நிமிர்ந்து உட்காரும், சாயாது. கோசண்ட் குடாவில் கரையோரம் நிறுத்தி, தண்ணீர் வற்றிய பிறகு இறங்கி நடந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தோம்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு தகவல். ரோரி மக்டூகல் என்பவர் தானே கட்டிய டீகி 21இல் 1991 முதல் 1997 வரை உலகைச் சுற்றி வந்திருக்கிறார். படகு தாங்கும் என்பதற்கு எனக்கு அது போதும். ஆனால் இரட்டை உடல் படகு கவிழ்ந்தால் தானாக நிமிராது, இது எல்லா கேட்டமரனுக்கும் பொருந்தும். அதனால் காற்று ஏறுமுன் பாயைச் சுருக்குகிறேன், ஏறிய பிறகு இல்லை.

பிரிட்டனில் கட்டுபவர்கள் கவனிக்க: சொந்த உபயோகத்துக்குக் கட்டிய படகுக்கு விற்பனைப் படகுகளுக்கான தரச் சான்று தேவையில்லை, ஆனால் தண்ணீரில் இறக்கிய நாளில் இருந்து ஐந்து வருஷத்துக்கு அந்தச் சான்று இல்லாமல் அதை விற்க முடியாது. கட்டி லாபத்துக்கு விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

ட்ரெய்லரில் இருந்து இறக்கி, கட்டி, பாய்மரம் நிறுத்த இரண்டு பேருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுபவர்களுக்கு இது தொந்தரவு. நான் மே முதல் செப்டம்பர் வரை ஆற்றில் மிதவையிலேயே விட்டுவைத்தேன்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். முழு வரைபடத்துக்கு முன் விலை குறைந்த அறிமுகப் படத்தொகுப்பை வாங்கி, சாமான் பட்டியலை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கடைகளில் விலை கேட்டுப் பாருங்கள், கூடவே ஒரு ப்ளைவுட் துண்டும் கேட்டு வாங்கி வேகவையுங்கள். இடம் ஒரு பிரச்சினை: ஒரு உடலைக் கட்ட 21 அடியும் அதைச் சுற்றி நடக்க இரண்டு பக்கமும் மூன்றடியும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டிப் பார்ப்பதை வெளியே வைத்துக்கொள்ளலாம். பிளிமத் பக்கம் இருப்பவர்கள் வந்தால் படகைக் காட்டுகிறேன், இப்போது கழற்றித்தான் வைத்திருக்கிறேன், கயிறு கட்டும் முறையைக் கையில் எடுத்தே பார்க்கலாம். இந்தக் குளிர்காலத்தில் சுக்கான் கயிறுகளை மாற்ற வேண்டும், அதற்கும் ஒரு கை தேவைப்படும்.