மறைந்து மறைந்து வந்த 8 ஜிபி: பழைய ஐ7-3770-க்கு வாங்கிய போர்டும் ராமும்

உசிலம்பட்டியில் ஜெராக்ஸ் கடை நடத்தும் நண்பர் சென்ற வாரம் அழைத்தார். பள்ளி ஒன்று கழித்துக்கட்டிய கணினிகளை எடைக்கு எடுத்தவரிடமிருந்து அவருக்கு ஓர் ஐ5-3470 பிராசசர் கிடைத்திருக்கிறது. "நீங்க இதே மாதிரி ஒண்ணு வச்சு வருசக்கணக்கா ஓட்டுறீங்களேண்ணே, எந்த மதர்போர்டு, எந்த ராம் எடுக்கலாம்?" என்று கேட்டார். அவர் கேட்ட நேரத்தில் என்னுடைய கணினி, டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு சர்வீஸ் கடை மேசையின்மேல் பிரித்துப் போடப்பட்டுக் கிடந்தது. அந்த எரிச்சலில் அவருக்கு முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடைய ஐ7-3770, 2022-இல் பைபாஸ் ரோட்டில் மூடப்பட்ட ஓர் அலுவலகத்தின் பெட்டியிலிருந்து எடுத்தது. அந்தப் பெட்டியின் போர்டு நமக்கு உதவாது. கரண்ட் கொடுக்கும் சாக்கெட்டும் முன்பக்க சுவிட்சுக்கான இணைப்பும் அந்த நிறுவனத்துக்கென்றே தனியாகச் செய்யப்பட்டிருந்ததால், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையும் கேபினெட்டும் அதற்குப் பொருந்தவில்லை. எனவே பிராசசரை மட்டும் கழற்றிக்கொண்டேன். 2012-இல் வெளிவந்த, இன்டெல்லின் மூன்றாம் தலைமுறைப் பிராசசர் இது; நண்பருடைய 3470-உம் அதே தலைமுறைதான். நான்கு கோர், எட்டு த்ரெட், 77 வாட். கல்யாணப் பத்திரிகையும் பள்ளி ஆண்டு மலரும் வடிவமைத்துப் பிழைக்கும் எனக்கு இன்றுவரை அதன்மேல் ஒரு குறையும் இல்லை.

போர்டு வாங்கும்போது என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பல வருடம் ஓடிய பழைய பி75 போர்டு (பி75, எச்61 என்பவை போர்டில் இருக்கும் சிப்செட் வகைகளின் பெயர்கள்). நான்கு ராம் ஸ்லாட், 32 ஜிபி வரை இடம், நான்கு யூஎஸ்பி 3.0, எஸ்எஸ்டிக்கு முழு வேகம் தரும் ஒரு சாட்டா போர்ட் (டிஸ்க்கை இணைக்கும் இடம்). மற்றொன்று, அண்மையில் தயாரிக்கப்பட்டு, சீல் உடையாத அட்டைப்பெட்டியில் ஒரு வருட வாரண்டியோடு விற்கப்படும் எச்61 போர்டு. இரண்டே ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜிபி, சாட்டாவின் வேகம் பாதி. பழையதை வாங்கினால் யாரிடம் போய் நிற்பது என்ற தயக்கத்தில், 2,300 ரூபாய் கொடுத்துப் புது எச்61-ஐ வாங்கினேன். 2011-இல் வந்த எச்61 போர்டுகள் பயாஸை, அதாவது போர்டிலேயே இருந்து கணினியைத் துவக்கும் மென்பொருளை, புதுப்பிக்காவிட்டால் மூன்றாம் தலைமுறை பிராசசரை ஏற்பதில்லை. அதைப் புதுப்பிப்பதற்கே ஓர் இரண்டாம் தலைமுறை பிராசசரை இரவல் வாங்கி மாட்ட வேண்டியிருக்கும். இந்தப் புதுப் போர்டில் அந்தத் தொல்லை இல்லாமல் முதல் சுவிட்சிலேயே திரை வந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் எதிர்பார்க்காத மகிழ்ச்சி, இரண்டாவது 8 ஜிபி ராமை மாட்டிய நாளில் கிடைத்தது. எச்டி 4000 என்ற உள் கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது; அது ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. 1600 வேகமுள்ள ஒற்றை ராம் நொடிக்கு 12.8 ஜிபி வரை தருமென்றால், இரண்டு ஸ்லாட்டிலும் மாட்டும்போது அது 25.6 ஜிபியாகிறது. நாற்பது பக்க ஆண்டு மலரை ஒற்றை ராமில் உருட்டும்போது படங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும். இரண்டும் இருந்தபோது கை போன வேகத்திலேயே பக்கமும் போயிற்று. கிராஃபிக்ஸ் கார்டு வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தை அன்றே வேறு செலவுக்கு மாற்றிவிட்டேன்.

அந்த இரண்டாவது ராம்தான் நான்கு கோடைக்காலமாக என்னை வாட்டியது. காலையில் 16384 (எம்பி, அதாவது 16 ஜிபி) என்று காட்டும் பயாஸ், மதியம் மறுபடி ஆன் செய்தால் 8192 என்று காட்டும். மாசி, பங்குனியில் வாரத்துக்கு ஒருமுறை. சித்திரைத் திருவிழா நெருங்கி, வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், வைகாசி முகூர்த்தப் பத்திரிகைகள் மேசையில் குவிந்து கிடக்கும்போது, நாளுக்கு இரண்டு முறை. ராமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிரப்பரால் தேய்த்து, மாற்றி மாற்றிச் செருகினால் சில சமயம் வரும். இரண்டு ராமும் முதல் ஸ்லாட்டில் தனித்தனியாக இரவு முழுக்க மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனையில் பிழையின்றித் தேறின. போர்டை விற்ற கடைக்காரரோ வாரண்டி முடியும் நாள்வரை "ராம்தான் சார் போயிருக்கு" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. போர்டைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

அவர் பேச்சை நம்பி மூன்றாவதாக ஒரு ராமை ஆன்லைனில் வாங்கியதில் இன்னொரு பாடம் கிடைத்தது. மற்றவற்றைவிட மிக மலிவாக வந்த அந்த 8 ஜிபி ராமை மாட்டினால், ஃபேன் சுற்றியதே தவிரத் திரை வரவில்லை. அது ஏஎம்டி பிராசசருக்கு மட்டும் ஒத்துவரும் வகை. நம்முடைய இன்டெல் பிராசசர், ஒரு சில்லு ஒரே நேரத்தில் 8 பிட் தரும் என்று எதிர்பார்க்கிறது. எட்டுச் சில்லு சேர்ந்து 64 பிட் ஆகும் ஒரு வரிசை, அதே போல் பின்பக்கம் இன்னொரு வரிசை. அந்த மலிவு ராமில் ஒவ்வொரு சில்லும் 4 பிட் மட்டுமே தருவதால், பதினாறும் சேர்ந்துதான் ஒரு வரிசை ஆகிறது. இரண்டிலும் இருப்பவை பதினாறு சில்லுகளே என்பதால், எண்ணிப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. லேபிளில் '2ஆர்x8' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். அதே லேபிளில் 'பிசி3-12800' என்பதன் கடைசியில் 'யு' இருந்தால் நமக்கானது. 'ஆர்' இருந்தால் சர்வர் ராம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் இந்தப் போர்டுகளில் வேலை செய்யாது. இந்தப் போர்டுகளுக்குரிய டிடிஆர்3 ராமின் குறைந்த வோல்ட் வகையான 1.35 வோல்ட் டிடிஆர்3எல், டெஸ்க்டாப்புக்கான நீள வடிவில் இருந்தால், தயங்காமல் வாங்கலாம், 1.5 வோல்ட்டிலும் அது ஓடும்.

சென்ற வாரம் டவுன் ஹால் ரோட்டுச் சந்தில் கோளாறின் வேர் தெரிந்தது. சர்வீஸ் பையன் ராமைத் தொடவே இல்லை. போர்டை வெளியே எடுத்துக் கவிழ்த்து, பிராசசர் இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் ஓர் எஃகு ஸ்கேலை வைத்து, மறுபக்கம் செல்போன் டார்ச்சைப் பிடித்தார். ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. இரண்டு முனைகளிலும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. "ராம் மேல ஒரு தப்பும் இல்லண்ணே. போர்டு தகடு மெலிசு. பிராசசர் கூலரோட நாலு பிளாஸ்டிக் பின்னும் மூலைக்கு மூலை இழுத்து இத வளச்சிருச்சு" என்றார். இந்தத் தலைமுறையில் ராமை இயக்கும் கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. எனவே ராமிலிருந்து வரும் ஒவ்வொரு கோடும், பிராசசர் அமரும் சாக்கெட்டின் 1155 பின்களில் ஒன்றைத் தொட்டே உள்ளே போக வேண்டும். போர்டு வளைந்து, அவற்றில் ஒன்று விலகி நின்றாலும் அந்தப் பக்கத்து ராம் முழுவதும் காணாமற்போகும். கூலரைக் கழற்றி, பிராசசரை எடுத்துவிட்டுப் பூதக்கண்ணாடியில் காட்டினார். பக்கத்துப் பின்கள் எல்லாம் நெற்பயிர் போல ஒரே சாய்வில் நிற்க, ஓரத்தில் ஒன்று மட்டும் தணிந்து, வேறு விதமாக மின்னியது. அதை ஊசி முனையால் மெல்ல நிமிர்த்தி, பின்பக்கம் இரும்புத் தகடு வைத்துத் திருகும் கூலரை மாட்டினார். கூலருக்கு 650 ரூபாய், கூலி 300. அன்று முதல் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை அணைத்து ஆன் செய்து பார்க்கிறேன், 16384 குறையவில்லை.

போர்டின் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளில் எத்தனையோ கரண்ட் வெட்டுகளைத் தாங்கியிருக்கிறது, ஒரு கெபாசிட்டர்கூட உப்பவில்லை, பயாஸ் பேட்டரியைக்கூட இன்னும் மாற்றவில்லை. இப்போதிருக்கும் நிலையில் இந்தக் கணினி, நான் வைத்திருந்த கணினிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனாலும் இந்தப் போர்டை வேறு யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தகட்டின் கனத்தில் மிச்சம் பிடித்ததற்கு நான்கு வருடம் நான் விலை கொடுத்திருக்கிறேன். தேவையே இல்லாமல் ஒரு ராம் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகவே உசிலம்பட்டி நண்பருக்குச் சொல்வது இதுதான். பழைய பி75 போர்டையே தேடுங்கள். மதுரையில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் விசாரியுங்கள். பணம் கொடுக்கும் முன் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பின்களைப் பாருங்கள். கடை மேசையிலேயே உங்கள் பிராசசரையும் நான்கு ஸ்லாட்டிலும் ராமையும் மாட்டச் சொல்லி, பயாஸ் மொத்தக் கணக்கைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, கால் மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு இன்னொரு முறை ஆன் செய்து பாருங்கள். கூலர், தகடு வைத்துத் திருகும் வகையாகவே இருக்கட்டும். அப்படி ஒரு போர்டு அமையும்வரை அந்த 3470-ஐ டப்பாவிலேயே வைத்திருங்கள். அது கெட்டுப்போகிற பொருள் அல்ல.