ஓல்ட் பீகொக் லயத்து அருங்காட்சியகமும் கண்டியைச் சுற்றிய மூன்று நாளும்

கண்டிப் பக்கம் சுற்றிப்பார்க்க உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், தலதா மாளிகையையும் வாவியையும் இன்னொரு தடவைக்கு வைத்துவிட்டு கம்பளைக்கு மேலே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்துக்குள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்குள் இருக்கிற தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மூன்று நாள் இருந்தால் நாங்கள் போன மாதிரி போகலாம், அதைத்தான் கீழே எழுதுகிறேன்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தேயிலையின் வரலாறு என்று ஒப்படை கொடுத்திருந்தார்கள். ஆகஸ்ட் லீவு, சரி, புத்தகத்தைப் பார்த்து எழுதுவதைவிட நேரில் கூட்டிப்போவோம் என்று கிளம்பினேன். அம்மாவையும் கூப்பிட்டேன். அம்மா முப்பத்தி நாலு வருசம் கொழுந்தெடுத்தவர். கண்டிக்கு வருகிறேன், பேராதனைத் தோட்டத்துக்கு வருகிறேன், ஆனால் அந்த மியூசியத்துக்கு மட்டும் வரமாட்டேன் என்றார். "லயத்துல பொறந்து லயத்துல வளந்தவளுக்கு லயத்தக் காட்டவா புள்ள கூட்டிட்டுப் போற?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று அட்டனில் கோச்சி ஏறினோம்.

முதல் நாள் மூன்று பழைய கோயில்கள். கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே மூன்றும் பேராதனைக்கு மேற்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, காலையில் தொடங்கினால் பகல்சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம். மூன்றும் கம்பளை அரசு காலத்தவை, 14ஆம் நூற்றாண்டு. இவை சிங்கள பௌத்தர்களின் இடங்கள், நமக்கு அங்கே என்ன என்று நினைத்து நம்மாட்கள் பலர் போவதில்லை. தயவுசெய்து போங்கள். கடலாதெனியவைத் தூரத்திலிருந்து பார்த்தவுடனே மகள் "அம்மா, இது நம்ம கோயில் மாதிரியே இருக்கு" என்றாள். இருக்கத்தான் செய்யும். 1344இல் அதைக் கட்டியவர் கணேசுவராசாரியார் என்ற தென்னிந்தியச் சிற்பி, கல்லில் கட்டிய தூணும் அடித்தளமும் அப்படியே தமிழ்நாட்டுப் பாணி.

லங்காதிலகவும் அதே 1344தான், நான்காம் புவனேகபாகு காலம். ஒரு பெரிய பாறையின் தலையில் வெள்ளையாக நிற்கிறது. பாறையில் வெட்டிய படிகள் செங்குத்து, வெயில் ஏறிவிட்டால் செருப்பைக் கழற்றிய காலுக்குப் பாறை சுடும், அதனால் ஒன்பது மணிக்கு முன்னே போய்விடுங்கள். உள்ளே புத்தர், அவரைச் சுற்றிப் பின்பக்கமாக விபீஷணன், பிள்ளையார், கந்தன் என்று தெய்வங்களுக்குத் தனித்தனி அறைகள். அம்மா பிள்ளையாரைக் கண்டதும் தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்துவிட்டார், பக்கத்தில் வெள்ளைச் சேலையில் நின்ற ஒரு சிங்கள ஆச்சி சிரித்துக்கொண்டு கையிலிருந்த பூவில் பாதியை அம்மாவிடம் கொடுத்தார். எனக்கு முக்கியமாகப் பட்டது வெளியே, பாறையில். அங்கே கல்வெட்டு இருக்கிறது, சிங்களத்தில் மட்டுமல்ல, தமிழிலும். எழுத்து தேய்ந்துபோய்விட்டது, பழைய எழுத்து வேறு, எனக்கு ஒரு வரிகூட முழுசாக வாசிக்க வரவில்லை. ஆனாலும் மகளின் விரலைப் பிடித்து அந்தத் திசையில் காட்டினேன். ஏறத்தாழ 680 வருசத்துக்கு முன் இந்த மலைப்பக்கத்தில் ஒரு கோயில் கணக்கைத் தமிழிலும் வெட்டி வைக்கத் தேவை இருந்திருக்கிறது என்பதை அவள் ஒப்படையில் எழுதுகிறாளோ இல்லையோ, தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எம்பெக்கேயில் மரவேலைதான் விசேஷம். கதிர்காமத் தெய்வத்துக்கு, அதாவது நம்ம கந்தனுக்கான தேவாலயம். முன்னால் இருக்கிற மேள மண்டபத்தின் தூண்களில் நான்கு பக்கமும் கட்டம் கட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள், ஒரு கட்டத்தில் இருப்பது அடுத்ததில் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய், மல்லுக்கட்டுகிற இரண்டு பேர், கழுத்தைப் பின்னிக்கொண்ட அன்னங்கள், இரட்டைத்தலைப் பறவை. அவசரப்படாமல் ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் சுற்றிப் பாருங்கள், எல்லாவற்றையும் பார்க்கப் போனால் ஒன்றும் மனதில் நிற்காது. அப்புறம் நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். மண்டபத்தின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன, அத்தனையையும் ஒரே ஒரு மர ஆப்பு பிடித்து வைத்திருக்கிறது. மடொல் குருபாவ என்கிறார்கள். என் வீட்டுக்காரர் தச்சுவேலை தெரிந்தவர், கழுத்து வலிக்கிற வரைக்கும் அதன் கீழேயே நின்றார், வா போகலாம் என்றால் வரவில்லை.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வாடகைக்குப் பிடித்த வேன்காரர் வழியில் கேட்காமலே ஒரு மசாலாத் தோட்டத்துக்குள் திருப்பிவிட்டார். அங்கே ஒன்றரை மணி நேரம் எண்ணெய், பவுடர் என்று வாங்கச் சொல்லி நெருக்கினார்கள், வயதான அம்மாவை உட்கார வைத்து முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டுக் காசு கேட்டார்கள். வண்டி பிடிக்கும்போதே போகிற இடங்களைப் பெயர் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள், இடையில் எங்கேயும் நிறுத்தக்கூடாது என்று சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டதால் பேராதனைக்கு நேரம் குறைந்துபோனது.

பேராதனைத் தோட்டத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 147 ஏக்கர், மகாவலி மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது, 1821இல் தொடங்கியது. புல்வெளியில் குடை விரித்த மாதிரி நிற்கிற அந்தப் பெரிய ஜாவா அத்தி மரத்தின் கீழே பாய் விரித்துச் சாப்பிட்டோம், வௌவால்கள் பகலிலேயே கத்திக்கொண்டிருந்தன. ஒப்படைக்குத் தேவையான விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது: 1824இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைச் செடியை முதலில் நட்டது இந்தத் தோட்டத்தில்தான். வெள்ளைக்காரர் கோப்பியில் இறங்கத் தொடங்கிய காலம் அது, அப்போது தேயிலை வெறும் காட்சிச் செடி.

இரண்டாம் நாள் ஹந்தானை. கண்டி டவுனிலிருந்து ஆட்டோவில் ஏறிவிடலாம். 1925இல் கட்டிய ஒரு தேயிலை ஸ்டோரை, அதாவது தொழிற்சாலையை, அப்படியே அருங்காட்சியகமாக்கி 2001இல் திறந்திருக்கிறார்கள். நான்கு மாடி. கீழே பழைய என்ஜின்கள், ரோலர்கள், சலிக்கிற மிஷின்கள். மேலே ஜேம்ஸ் டெய்லர், லிப்டன் சம்பந்தப்பட்ட பொருட்கள். உச்சியில் தேத்தண்ணி குடிக்க இடம், அங்கிருந்து கண்டியைச் சுற்றிய மலைகள் தெரியும். இரும்பும் எண்ணெயும் மனதுக்குப் பிடித்தவர்களுக்கு அருமையான இடம். டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதையும், இரண்டு வருசத்தில் கோப்பி இலையில் துருநோய் வந்து கொஞ்சம் கொஞ்சமாக எல்லாக் கோப்பியும் அழிந்து தேயிலை அந்த இடத்தைப் பிடித்ததையும் இங்கே நின்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. அம்மாவுக்குப் படியேற முழங்கால் விடவில்லை, கீழேயே ரோலர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். திரும்பி இறங்கி வந்தபோது மகளைக் கூப்பிட்டு, அந்த மிஷினுக்குள் இலை எப்படி விழும், வாடின கொழுந்து நசுங்கும்போது எப்படி மணக்கும், ஸ்டோருக்குள் வேலை செய்த சித்தப்பாவின் சட்டை எத்தனை தடவை துவைத்தாலும் அந்த மணம் போகாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து அம்மாவாகவே, "சரி, நாளைக்கி அந்த லயத்தையும் பாத்துருவோம்" என்றார்.

மூன்றாம் நாள் கம்பளை. இந்த ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. 1820களில் ஜோர்ஜ் பர்ட் என்ற வெள்ளைக்காரர் முதல் கோப்பித் தோட்டம் போட்டது கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹபிட்டியவில். நம் ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த கதை தொடங்குவது அங்கேதான். 2023இல் அவர்கள் வந்த 200 வருசத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஆட்கள் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

கம்பளையிலிருந்து தோட்டத்துக்கு ஆட்டோதான் வசதி, வளைவும் குழியுமான தோட்டத்துப் பாதை, வயதானவர்கள் இருந்தால் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். போவதற்கு முன் போன் எடுத்து ஆள் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கண்டியில் இருக்கிற சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் இதைத் திறந்தது. பெரிய கட்டடம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு பழைய லயத்தைத் திருத்தி அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்கள், அதுதான் இதன் பெருமை.

லயத்தின் முன்திண்ணையான இஸ்தோப்பில் கால் வைத்தவுடன் அம்மா குனிந்தார். அந்த வாசலில் குனியத் தேவையில்லை, அவர் உயரத்துக்கு இடிக்காது. பழக்கம். உள்ளே 10 அடிக்கு 12 அடி காம்பரா, அதாவது ஒரே அறை, இதில் ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு குடும்பம். மகள் காலால் அளந்து பார்த்துவிட்டு "நாம நாலு பேரும் படுத்தா கதவைத் திறக்க முடியாது" என்றாள். "திறக்கத்தான் மாட்டோம், குளிரு" என்றார் அம்மா.

பொருட்கள் என்று பார்த்தால் உங்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கக்கூடியவைதான். கொழுந்துக் கூடை, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி, அம்மி, உரல், பித்தளைச் சாமான், தப்பு மேளம், நகைகள், பழைய போட்டோக்கள், கடிதாசிகள். ஆனால் அவற்றை ஒன்றாக வைத்து, இது இன்னது, இன்ன வேலைக்கு என்று மரியாதையாகக் காட்டும்போது பார்வையே மாறிவிடுகிறது. கூடையைக் கண்டதும் அம்மா அதன் கயிற்றை விரலால் தடவிப் பார்த்தார், தலையில் படுகிற இடத்தில் துணி சுற்றியிருக்கிறதா என்று. சுற்றாவிட்டால் மழையில் நனைந்த கயிறு நெற்றியை அறுக்கும் என்றார். மகளை நிறுத்தி, கயிறு உச்சியில் எங்கே வர வேண்டும், கூடை முதுகில் எந்த உயரத்தில் நின்றால் கை பின்னால் போய்க் கொழுந்தைப் போடும், மட்டம் பார்க்கிற மட்டக்கம்பைத் தேயிலை மரத்துக்கு மேலே எப்படி வைத்து எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் சும்மா காற்றில் செய்து காட்டினார். எடுக்கிற விரல் இரண்டும் பார்க்க முடியாத வேகத்தில் போனது. ஓய்வெடுத்து ஒன்பது வருசம் ஆகிவிட்டது, கை மறக்கவில்லை. சுற்றிப்பார்க்க வந்திருந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் அம்மாவைச் சுற்றி நின்றுவிட்டார்கள், அக்கா, அம்மா என்று கேள்வி மேல் கேள்வி. காலையில் வேலை பிரிக்கக் கூப்பிடுகிற பெரட்டுத் தப்பு எத்தனை மணிக்கு அடிக்கும், அரைநாள் சம்பளமான அரைப்பேர் எப்போது போடுவார்கள், பிள்ளை பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போனால் பால் கொடுக்க எப்போது வருவீர்கள். அம்மா ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். அவரிடம் நான் இதில் பாதியைக்கூட ஒரு நாளும் கேட்டதில்லை.

பிரஜாவுரிமைக் கதை வந்ததும் அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். 1948இல் நம் ஆட்களின் உரிமை போனது, 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இங்கே உரிமை கொடுப்பது என்று கணக்குப் போட்டார்கள், மிச்சப் பேரின் கணக்கு பிறகு முடிந்தது. அந்தக் கணக்கில் என் சின்னம்மா ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போனவர், அங்கேயும் கொழுந்துதான் எடுத்தார். பழைய போட்டோக்களின் முன்னால் அம்மா வெகுநேரம் நின்றார், எல்லா முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

குறை என்றால், வந்து போக ஒழுங்கான பஸ் வசதி இருந்தால் இன்னும் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் வரும். சாப்பாட்டுக் கடை பக்கத்தில் கண்ணில் படவில்லை, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். மழைக்காலத்தில் குடையும் பிடிமானமான செருப்பும் கட்டாயம். ஒரு மணி நேரம் போதும் என்று பலர் சொல்வார்கள், வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு அரை நாள் ஒதுக்குங்கள், காட்டவும் சொல்லவும் அவரிடம் இருப்பது சுவரில் இருப்பதைவிட அதிகம்.

திரும்பும்போது கம்பளை ஸ்டேஷனில் கோச்சிக்குக் காத்திருந்த நேரம் அம்மா கேட்டார், அப்பாவின் கவ்வாத்துக் கத்தி பரணில் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது, கைப்பிடி கொஞ்சம் உளுத்திருக்கிறது, கொடுத்தால் வாங்கி வைப்பார்களா என்று. போன் பண்ணிக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்த மறுநாளே அதை இறக்கி, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, பேப்பரில் சுற்றி மேசையில் வைத்திருக்கிறார்.